செல்மா படத்தை வியூகப் பாடமாகப் பார்ப்பது எப்படி?

'செல்மா' பார்த்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் பாலத்தைச் சொல்வார்கள். அடுத்து மார்ட்டின் லூதர் கிங்காக வரும் டேவிட் ஒயெலோவோவின் மேடைப் பேச்சு. 1965இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மா நகரில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக நடத்திய போராட்டத்தைச் சொல்லும் படம் இது, ஏவா டுவெர்னே 2014இல் இயக்கியது. அந்தப் போராட்டம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பது அந்த இரண்டு இடங்களிலும் அதிகம் இல்லை. நாலைந்து பேர் உட்கார்ந்து வாக்குவாதம் செய்யும் அறைகளில் இருக்கிறது. பின்னணி இசை இல்லாமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் அந்தக் காட்சிகளில்தான் பார்வையாளர்கள் கைப்பேசியை எடுப்பார்கள். பாடமாகப் பார்க்க நினைப்பவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டியதும் அங்கேதான்.

வாசகர் வட்டம், கல்லூரித் திரைப்பட மன்றம், தொழிற்சங்க வகுப்பு என்று எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதற்கு ஏற்ற முறை இது. தனியாகப் பார்ப்பவருக்கும் பொருந்தும், நாற்காலிப் பயிற்சி ஒன்றைத் தவிர.

முன்னேற்பாடு

படம் 128 நிமிடம். ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு "இப்போது பேசலாம்" என்றால் பேச்சு நடிப்பைப் பற்றியும் அழுத இடங்களைப் பற்றியும்தான் போகும். மூன்று அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள், ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞர் கொல்லப்படும் இடம் வரை. இரண்டாம் நாள் படமே வேண்டாம்; ஆவணப்படப் பகுதி ஒன்றும் பயிற்சியும் போதும். மூன்றாம் நாள் பாலத்திலிருந்து முடிவு வரை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நிறுத்திப் பேசவும் நேரம் கிடைக்கும்.

சப்டைட்டில் கட்டாயம். அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சு வழக்கில் பாதி வசனம் காதில் நிற்காது. தவிர, எஃப்பிஐ கண்காணிப்புக் குறிப்புகள் தட்டச்சு எழுத்தில் திரையில் வந்து மறையும். எங்கே, எப்போது, யார் யாரோடு என்பது அவற்றில்தான் இருக்கிறது. ரிமோட் வைத்திருப்பவர் அந்த இடங்களில் படத்தை நிறுத்த வேண்டும்.

சுவரில் இரண்டு தாள் ஒட்டுங்கள். ஒன்றில் கையால் வரைந்த படம்: செல்மா நகரம், பிரவுன் சேப்பல் தேவாலயம், செல்மா அடங்கிய டல்லஸ் கவுண்டியின் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) நீதிமன்றக் கட்டடம், அலபாமா நதி, அதன் மேல் எட்மண்ட் பெட்டஸ் பாலம், அங்கிருந்து 54 மைல், அதாவது ஏறக்குறைய 87 கிலோமீட்டர் தள்ளி மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. இன்னொன்றில் தேதி வரிசை. படம் 1964 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் பரிசு விழாவோடு தொடங்கி, உடனே அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறப்பதைக் காட்டுகிறது. குண்டு வெடித்தது 1963 செப்டம்பர் 15, பரிசு விழாவுக்கு ஒன்றேகால் வருடம் முன்னால். தாள் இல்லாவிட்டால், பரிசு வாங்கிய கையோடு குண்டு வெடித்தது போலவும், அதனால் கிங் செல்மாவுக்குக் கிளம்பியது போலவும் மனதில் பதிந்துவிடும்.

அமைப்புகளின் பெயர்களையும் எழுதிவையுங்கள். உள்ளூர்க்காரர்களின் டல்லஸ் கவுண்டி வாக்காளர் கழகம். மாணவர்களின் அமைப்பான ஸ்னிக். கிங் தலைமையிலான தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு. மூன்றும் ஒன்றல்ல. கிங் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1963 தொடக்கத்தில், ஸ்னிக்கின் பெர்னார்ட் லாஃபயட் செல்மாவுக்கு வந்து வேலை தொடங்கிவிட்டார். அமேலியா பாய்ன்டன் போன்ற உள்ளூர்க்காரர்கள் அதற்கும் பல வருடங்களுக்கு முன்பிருந்தே அதே வேலையில் இருந்தவர்கள். இது தெரியாமல் பார்த்தால், வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஊரை எழுப்பிய கதையாகிவிடும்.

ஆளுக்கு ஒரு நோட்டு. பக்கத்தை நான்காக மடித்து தலைப்பு எழுதச் சொல்லுங்கள்: கோரிக்கை, எதிராளி, ஒழுங்கு, முடிவெடுத்தவர். முதல் அமர்வில் முதல் இரண்டு கட்டங்கள்தான் நிரம்பும். அது போதும்.

முதல் நாள்: கோரிக்கையும் எதிராளியும்

முதலில் நிறுத்த வேண்டிய இடம், ஆனி லீ கூப்பராக வரும் ஓப்ரா வின்ஃப்ரே வாக்காளராகப் பதியப்போகும் காட்சி. அரசியலமைப்பின் முகப்புரையைச் சொல்லச் சொல்கிறார் பதிவாளர். சொல்கிறார். அலபாமாவில் எத்தனை கவுண்டி நீதிபதிகள் என்கிறார். அறுபத்தேழு என்கிறார் கூப்பர். அத்தனை பேரின் பெயரையும் சொல் என்கிறார் பதிவாளர். விண்ணப்பத்தில் நிராகரிப்பு முத்திரை விழுகிறது.

இதில் என்ன வியூகம் என்று கேட்பார்கள். அநியாயம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது என்பதுதான். "நிறவெறி ஒழிக" என்றால் எதை முதலில் இடிப்பது? ஒரு மேசை, ஒரு விண்ணப்பம், ஒரு முத்திரை என்றால் பார்க்கிற எவருக்கும் அரை நிமிடத்தில் புரியும். கணக்கையும் சுவரில் எழுதுங்கள்: டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதில் இருந்த கறுப்பின மக்கள் சுமார் 15,000, பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 300. பதிவு அலுவலகம் திறந்திருந்தது மாதத்தில் இரண்டே நாள்.

இதன் தொடர்ச்சியாக, எந்தத் தடையை முதலில் தாக்குவது என்று போராட்டக்காரர்கள் விவாதிக்கும் காட்சி வருகிறது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஏற்கெனவே பதிவான வாக்காளர் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. கறுப்பின வாக்காளரே இல்லாத ஊரில் சிபாரிசுக்கு யாரைப் பிடிப்பது? ஒவ்வொன்றாகப் பேசிக் கழிக்கிறார்கள். இந்த விவாதத்தை இரண்டு முறை ஓட்டுங்கள். கோரிக்கையைக் கூர்மையாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல காட்சி படத்தில் வேறில்லை.

கூர்மையாக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் படம் ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது: ஆல்பனி. ஜார்ஜியா மாநிலத்தின் இந்த ஊரில் 1961-62இல் நடந்த போராட்டம் பேருந்து நிலையம், பூங்கா, நூலகம், உணவகம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். உருப்படியாக எதையும் கொடுக்காமலேயே நகர நிர்வாகம் தப்பித்தது. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டதைத் தவறாகக் கிங்கே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆல்பனியில் தோற்க இன்னொரு காரணம் காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட். கிங்கின் முறையைப் படித்துவிட்டு வந்தவர் அவர். பொது இடத்தில் அடிக்காதே என்று தன் ஆட்களுக்குச் சொல்லிவைத்தார். சுற்றுவட்டார ஊர்ச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொண்டார். சிறையை நிரப்புவதுதான் போராட்டக்காரர்களின் திட்டம். சிறை நிரம்பவே இல்லை. 1962 ஜூலையில் கிங் சிறைக்குப் போனபோது பெயர் தெரியாத யாரோ அபராதத்தைக் கட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் ஏவிய பர்மிங்ஹாம் காவல் பொறுப்பாளர் புல் கானர் இதற்கு நேர் எதிர். 1963இல் அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின.

இதைச் சொல்லிவிட்டு, ஸ்னிக் இளைஞர்கள் ஜான் லூயிஸ், ஜேம்ஸ் ஃபோர்மனோடு கிங் பேசும் காட்சியைப் போடுங்கள். உங்கள் ஊர் ஷெரிஃப் (கவுண்டிக் காவல் தலைவர்) ஜிம் கிளார்க் எப்படிப்பட்டவர், புல் கானர் மாதிரியா, லாரி பிரிட்செட் மாதிரியா என்று கிங் விசாரிக்கிறார். அங்கேயே நிறுத்துங்கள். "கானர் மாதிரி" என்ற பதில் ஏன் அவருக்கு நிம்மதி தருகிறது?

இந்தக் கேள்வி குழுவில் சண்டையைக் கிளப்பும், கிளப்பவும் வேண்டும். அடிக்கக்கூடிய ஆளைத் தேடிப்போய் நிற்பது அகிம்சையா என்று ஒருவராவது கேட்பார். மழுப்ப வேண்டாம். ஊரில் ஏற்கெனவே இருக்கும் வன்முறையைக் கேமரா முன்னால் கொண்டுவருவது ஒரு பக்கம். அதற்குப் பிறர் உடம்பைப் பணயம் வைப்பது இன்னொரு பக்கம். இரண்டும் உண்மை. சமாளிக்கும் வழியாகப் போராட்டக்காரர்கள் கண்டது, வருபவர் என்ன நடக்கும் என்று முழுதாகத் தெரிந்து, தானாக வர வேண்டும் என்பது. அது நிஜமாகவே கடைப்பிடிக்கப்பட்டதா என்பதை மூன்றாம் நாள் வரை நோட்டில் கேள்வியாகவே வைத்திருங்கள்.

படத்தில் கண்ணில் நிற்காத ஒரு தகவல் இங்கே தேவைப்படும். செல்மா நகரக் காவல் பொறுப்பு வில்சன் பேக்கர் என்பவரிடம் இருந்தது. அவர் பிரிட்செட் வழியில் போக முயன்றவர். நீதிமன்றக் கட்டடம் மட்டும் கவுண்டி ஷெரிஃப் கிளார்க்கின் கையில் இருந்தது. ஊர்வலம் நகரத் தெருவில் நின்றால் எதிராளி பேக்கர். நீதிமன்றப் படிக்கட்டுக்குப் போனால் கிளார்க். சுவரில் உள்ள வரைபடத்தில் அந்தக் கட்டடத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். 'எங்கே நிற்பது' என்ற கேள்விக்குள்ளேயே 'யார் எதிரில் நிற்பது' என்பதும் அடங்கியிருந்தது.

முதல் நாளின் கடைசிப் பகுதி மேரியன் என்ற சிற்றூரில் 1965 பிப்ரவரி 18 இரவு நடந்த ஊர்வலம். தெருவிளக்குகள் அணைந்தன. பத்திரிகையாளர்கள் தாக்கப்பட்டார்கள், கேமராக்கள் உடைந்தன. உணவகத்துக்குள் ஓடிய ஜிம்மி லீ ஜாக்சனை மாநிலக் காவலர் சுட்டார். எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 26 அன்று, அவர் இறந்தார். இங்கே நிறுத்தி, பேசாமல் கலைந்துவிடுங்கள். இந்த இரவையும் பாலத்தில் நடந்த பகலையும் ஒப்பிட வேண்டியிருக்கும். அதற்குக் காட்சி ஊறட்டும்.

இரண்டாம் நாள்: படம் விட்ட இடம்

'செல்மா'வின் பெரிய குறை, பயிற்சியைக் காட்டாதது. அடி விழும்போது அறுநூறு பேர் திருப்பி அடிக்காமல் இருந்தது பிறவிக் குணம் போலத் தெரிகிறது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு இளைஞர்கள் வெளியே வருவார்கள். இந்தப் படத்தால் ஏற்படும் மிக ஆபத்தான தவறான புரிதல் அதுதான்.

இதைச் சரிசெய்ய டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்துப் பக்கம் போக வேண்டும். ஹென்றி ஹாம்ப்டனின் 'ஐஸ் ஆன் த பிரைஸ்' ஆவணத் தொடரின் மூன்றாம் பகுதியில் நாஷ்வில் வருகிறது. ஸ்டீவ் யார்க்கின் 'எ ஃபோர்ஸ் மோர் பவர்ஃபுல்' ஆவணப்படத்தில், ஜேம்ஸ் லாசன் நடத்திய பட்டறையின் அக்காலப் பதிவே இருக்கிறது. ஒன்று மட்டும் கிடைக்குமென்றால் இரண்டாவதை எடுங்கள். லாசன் 1950களில் நாக்பூரில் மெதடிஸ்ட் மிஷன் பணியில் சில ஆண்டுகள் இருந்து காந்தியின் முறையைப் படித்தவர். திரும்பிப் போய் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். ஜான் லூயிஸ், டயான் நாஷ், ஜேம்ஸ் பெவெல், பெர்னார்ட் லாஃபயட் எல்லோரும் அந்த வகுப்பின் மாணவர்கள். 'செல்மா'வில் நீங்கள் பார்க்கும் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்.

வகுப்பில் மாணவர்கள், கறுப்பினத்தவருக்கு இடம் மறுக்கப்பட்ட லஞ்ச் கவுன்டரில், அதாவது கடைக்குள் இருக்கும் உணவு மேசையில், உட்கார்வது போல உட்கார, மற்றவர்கள் வெள்ளைக்கார ரௌடிகளாக நடித்து ஏசினார்கள், முகத்தில் புகை ஊதினார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். பிறகு இடம் மாறினார்கள். 1959 நவம்பர், டிசம்பரில் சிறு குழுவாகப் போய் இரண்டு கடைகளில் உட்கார்ந்து, மறுத்ததும் எழுந்து வந்தார்கள். அது வெறும் வேவு. 1960 பிப்ரவரி 13 அன்று சுமார் 120 மாணவர்களோடு உள்ளிருப்பு தொடங்கியது. பிப்ரவரி 27 அன்று முதல் வரிசையைப் போலீஸ் கைதுசெய்தபோது, அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. அன்று மட்டும் 81 பேர் கைது. ஈஸ்டர் பண்டிகைத் துணி வியாபார நேரத்தில் கடைப் புறக்கணிப்பும் சேர்ந்துகொண்டது. மே 10 அன்று ஆறு கடைகளின் கவுன்டர்கள் எல்லோருக்கும் திறந்தன.

லூயிஸும் லாஃபயட்டும் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்த விதித் தாளைக் குழுவில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அதன் சாரம் இது: அடித்தாலோ ஏசினாலோ திருப்பிச் செய்யாதே. உரக்கச் சிரிக்காதே. கடை மேற்பார்வையாளரோடு பேச்சுக் கொடுக்காதே. குழுத் தலைவர் சொல்லாமல் இடத்தைவிட்டு எழாதே. வாசலையோ நடைவழியையோ மறிக்காதே. எப்போதும் மரியாதையாக இரு. நேராக உட்கார்; முகம் கவுன்டர் பக்கமே இருக்கட்டும். பெரிதாக ஏதாவது நடந்தால் தலைவரிடம் சொல். கேள்வி கேட்டு வருபவரைப் பணிவாகத் தலைவரிடம் அனுப்பு. கடைசி வரியில் இயேசு, காந்தி, கிங் மூவரின் போதனையையும் நினைவில் வை என்றிருக்கும். மற்ற எல்லா வரியும் உடம்பைப் பற்றியது. கண் எங்கே, கால் எங்கே, வாய் எப்போது என்று. "சிரிக்காதே" என்ற விதியைக் கவனியுங்கள். பதற்றத்தில் மனிதனுக்குச் சிரிப்பு வரும், அது எதிராளியைச் சீண்டும். பலமுறை ஒத்திகை பார்த்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு விதி தோன்றும்.

பிறகு நாற்காலிப் பயிற்சி. மூன்று நாற்காலி, உட்கார மூவர், சீண்ட நால்வர், குறிப்பெடுக்க இருவர், மணி பார்க்க ஒருவர். ஒரு சுற்று மூன்றே நிமிடம். தொடக்கூடாது. சாதி, மதம், உடல், குடும்பம் பற்றிய உண்மையான வசை கூடாது. "எழுந்திரு, இது உன் இடமில்லை" என்ற அளவிலேயே திரும்பத் திரும்பக் கத்தினால் போதும். யார் "போதும்" என்றாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். முடிந்ததும் பத்து நிமிடம் பேசிவிட்டு ஆட்களை மாற்றுங்கள்.

முதல் சுற்றில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். கவலை வேண்டாம், விதித் தாளைக் காட்டுங்கள். இரண்டாம் சுற்றில் சீண்டுபவர்களுக்கு உற்சாகம் ஏறும், தங்களுக்கே அது பயமாக இருந்தது என்று பின்னால் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர் எதிராளியைக் கண்ணோடு கண் பார்த்து முறைத்தால் சீண்டல் கூடுவதையும், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தளர்வதையும் குறிப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் கவனித்திருப்பார்கள். மனம் நொந்திருக்கும் யாரையும் வற்புறுத்தி உட்காரவைக்க வேண்டாம்.

பயிற்சிக்குப் பிறகு ஆனி லீ கூப்பர் ஷெரிஃப் கிளார்க்கை அடித்துவிடும் காட்சியை மறுபடி போடுங்கள். 1965 ஜனவரி 25 அன்று உண்மையில் நடந்தது இது. ஒழுங்கு உடைந்த கணம். ஆனால் பத்திரிகைகளில் வந்த படம், ஷெரிஃபின் ஆட்கள் அவரைத் தரையில் அமுக்கிப் பிடித்திருக்க கிளார்க் தடியோடு நிற்கும் படம். தவறு செய்தும் இயக்கம் தப்பித்தது. எதிராளி பிரிட்செட்டாக இருந்திருந்தால் எந்தப் படம் வந்திருக்கும் என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள்: பாலம், திரும்பி வந்தது, நடை

1965 மார்ச் 7, ஞாயிறு. பாலக் காட்சியை முதலில் அப்படியே பாருங்கள். அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இசை போனவுடன் இரண்டிரண்டாக வரும் வரிசை, நடைபாதையைவிட்டு இறங்காத கால்கள், கோட்டும் முதுகுப்பையும் தெரியும். சுமார் 600 பேர். முன்னால் ஜான் லூயிஸும், கிங்கின் அமைப்பைச் சேர்ந்த ஹோசியா வில்லியம்ஸும். கலைந்துபோக இரண்டு நிமிடம் என்று அறிவித்த காவலர்கள் அந்த இரண்டு நிமிடமும் பொறுக்கவில்லை.

முன்வரிசையில் யார் இல்லை என்று கேளுங்கள். கிங் இல்லை. ஸ்னிக் அமைப்பாகக் கலந்துகொள்ள மறுத்துவிட்டது. லூயிஸ் தனி ஆளாகத்தான் நடந்தார். தலைமை வகுப்புக்கு இது பொன்னான இடம். பெரிய தலைவர் ஊரில் இல்லாத நாளில், ஒரு அமைப்பு விலகிக்கொண்ட நிலையில், இயக்கத்தின் மிகக் கடினமான மணி நேரம் குலையாமல் நடந்தது. நோட்டில் 'முடிவெடுத்தவர்' கட்டம் இங்கேதான் நிரம்பத் தொடங்கும்.

இப்போது மேரியன் இரவை நினைவூட்டுங்கள். அங்கே உயிரே போயிற்று, படம் வரவில்லை. இங்கே யாரும் சாகவில்லை, தேசமே பார்த்தது. அன்று மாலை ஏபிசி தொலைக்காட்சி நாஜிகளின் விசாரணை பற்றிய திரைப்படம் ஒன்றை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதை இடைமறித்து செல்மா காட்சிகளைப் போட்டார்கள். சுமார் 4 கோடியே 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல், திறந்த வெளி, கேமரா நிற்க இடம். "தியாகம் வென்றது" என்று யாராவது எழுதியிருந்தால், எந்தத் தியாகம், யார் கண் முன்னால் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

டுவெர்னே இந்தக் காட்சியை ஒரு பத்திரிகையாளர் தொலைபேசியில் செய்தி சொல்லும் குரலோடு பின்னியிருக்கிறார். ரிச்சர்ட் ஆட்டன்பரோவின் 1982 'காந்தி'யில் தாராசனா உப்பளத் தடியடிக் காட்சியும் ஒரு நிருபர் தொலைபேசியில் செய்தி சொல்வதோடுதான் முடியும். நேரமிருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். (அந்த நிருபராக வந்த மார்ட்டின் ஷீன், 'செல்மா'வில் நீதிபதி ஃபிராங்க் ஜான்சனாக வருகிறார். யாராவது முதலில் கண்டுபிடித்தால் ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.)

அடுத்தது மார்ச் 9. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு கிங் பாலத்துக்கு வருகிறார். எதிரில் காவலர்கள் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். கிங் மண்டியிடுகிறார். இங்கே படத்தை நிறுத்துங்கள். எல்லோரும் மூன்று நிமிடம் எழுத வேண்டும்: நீங்களாக இருந்தால் போவீர்களா, திரும்புவீர்களா? காரணம் ஒரு வரி. எழுதி முடித்த பிறகுதான் மேலே ஓட்ட வேண்டும். பேச விட்டால் குரல் பெரியவர் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள்.

கிங் எழுந்து திரும்புகிறார். படம் இதை உள்ளுணர்வு, ஜெபம் என்ற திசையில் விட்டுவிடுகிறது. வெளியே இருந்த காரணங்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அன்றைக்கு நடக்கக்கூடாது என்று நீதிபதி ஜான்சனின் தடையாணை இருந்தது. அவர் மாநில நீதிபதி அல்ல, ஃபெடரல் (மத்திய) நீதிபதி. அலபாமா நீதிமன்றங்களின் ஆணையை மீறுவது இயக்கத்துக்குப் பழகிப்போனது. ஃபெடரல் நீதிமன்றமோ அவர்களுக்கு இருந்த சில துணைகளில் ஒன்று. அதை உடைத்தால் அடுத்த வழக்கில் யாரிடம் போவது? இன்னொன்று, அதிபர் ஜான்சன் அனுப்பிய லிராய் காலின்ஸ் இரு தரப்போடும் பேசி, பாலம்வரை போய்த் திரும்பும் ஏற்பாட்டுக்கு வழிசெய்திருந்தார். பின்னால் நடந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. ஸ்னிக் இளைஞர்கள் கொதித்தார்கள். அன்று இரவே போராட்டத்தில் கலந்துகொள்ள வந்திருந்த பாதிரியார் ஜேம்ஸ் ரீப் தாக்கப்பட்டு இரண்டு நாளில் இறந்தார்.

ஆகவே கேள்வியை இரண்டாக உடையுங்கள். திரும்பியது சரியா? பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லாமல் திரும்பியது சரியா? முதல் கேள்விக்கு மார்ச் 17 பதில் சொன்னது. ஊர்வலத்துக்கு அனுமதி அளித்துத் தீர்ப்பு வந்தது. இரண்டாவதற்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இயக்கத்துக்குள் விழுந்த விரிசல் அதன் பிறகு ஆறவில்லை. முதல் நாள் நோட்டில் தொங்கவிட்ட கேள்வியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மார்ச் 21 முதல் 25 வரை நடந்த நீண்ட நடையைப் படம் சட்டென்று கடந்துவிடும். புறப்பட்டவர்கள் சுமார் 3,200 பேர். நெடுஞ்சாலை இருவழிப்பாதையாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் கூடாது என்பது தீர்ப்பின் நிபந்தனை. நான்கு இரவுத் தங்கலில் முதல் மூன்று கறுப்பினக் குடும்பங்களின் பண்ணை நிலங்களில். நாலாவது மாண்ட்கோமரி எல்லையில் ஒரு கத்தோலிக்க வளாகத்தில். சாப்பாடு செல்மாவிலேயே சமைத்து லாரியில் வந்தது. முதல் இரவு ஸ்பகெட்டியை எடுத்துவந்தது புத்தம்புதிய தகரக் குப்பைத்தொட்டிகளில். அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு வேறு எங்கே போவது? கடைசி நாள் மாண்ட்கோமரியில் சுமார் 25,000 பேர்.

இந்தப் பக்கத்தில் ஆர்வம் வருபவர்களுக்கு ஜார்ஜ் சி. உல்ஃபின் 'ரஸ்டின்' (2023) இருக்கிறது. 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை, சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடிய கூட்டத்தை, இரண்டே மாதத்தில் ஒழுங்கு செய்த பேயார்ட் ரஸ்டினைப் பற்றியது. கழிப்பறை எத்தனை, பேருந்து எத்தனை, ஒலிபெருக்கி கடைசி ஆள்வரை கேட்குமா என்பதுதான் அவருடைய வேலை. கட்டுச்சோற்றில் மயோனைஸ் வேண்டாம், ஆகஸ்ட் வெயிலில் கெட்டுப்போகும் என்பதுவரை யோசித்தவர்கள். படம் விறுவிறுப்புக்காக அலுவலகச் சண்டைகளைக் கொஞ்சம் கூட்டியிருக்கும்; பொறுத்துக்கொள்ளலாம்.

எதை நம்புவது

நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் ந, சு, பு என்று குறியிடும் பழக்கம் உதவும்: நடந்தது, சுருக்கியது, புனைந்தது. சந்தேகம் வந்தால் 'ஐஸ் ஆன் த பிரைஸ்' ஆறாம் பகுதியோடு ஒப்பிடுங்கள். செல்மா பற்றிய அந்தப் பகுதி ஏறக்குறைய ஒரு மணி நேரம், அசல் காட்சிகளும் கலந்துகொண்டவர்களின் பேட்டிகளும் கொண்டது.

இரண்டு இடங்களில் கட்டாயம் எச்சரிக்கை தேவை. முதலாவது, மேடைப் பேச்சுகள். கிங்கின் உரைகளுக்கான திரைப்பட உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்ததால், டுவெர்னே அவற்றின் தொனியில் புதிதாக எழுதிப் பேசவைத்தார். படத்தில் கேட்ட வரியைக் கிங் சொன்னதாகச் சுவரொட்டியிலோ முகநூலிலோ போட்டுவிடாதீர்கள். இரண்டாவது, அதிபர் லிண்டன் ஜான்சன். படத்தில் அவர் முட்டுக்கட்டை. ஆனால் 1965 ஜனவரி 15 தொலைபேசிப் பதிவில், வாக்குரிமை மறுப்புக்கு மிக மோசமான உதாரணத்தைக் கண்டுபிடித்து எங்கும் பரப்புங்கள் என்று கிங்கிடம் அவரே சொல்வது கேட்கிறது. எஃப்பிஐ ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்து கிங் குடும்பத்துக்கு அனுப்பிய ஒலிநாடா விவகாரத்திலும் படம் அவரை மறைமுகமாக இழுக்கிறது. அந்த நாடா 1964 நவம்பரிலேயே அனுப்பப்பட்டுவிட்டது, ஒட்டுக்கேட்புக்கு 1963இல் அனுமதி கொடுத்தவர் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. அதற்காக ஜான்சனைப் புனிதராக்க வேண்டியதில்லை. வாக்குரிமை மசோதாவை எப்போது கொண்டுவருவது என்ற இழுபறி உண்மையானது. கூட்டாளியாக ஆகக்கூடிய அதிகாரத்தையும் வெளியிலிருந்து நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று படித்தால் படமும் பதிவும் ஒன்றுக்கொன்று உதவும்.

கடைசியில் திரையில் வரும் எழுத்துகளை வேகமாக ஓட்டிவிடாதீர்கள். வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஷெரிஃப் தேர்தலில், புதிதாகப் பட்டியலில் சேர்ந்த கறுப்பின வாக்காளர்கள் ஜிம் கிளார்க்கைத் தோற்கடித்தார்கள். யாரிடம் தோற்றார் என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். வில்சன் பேக்கரிடம். முதல் நாள் வரைபடத்தில் நகரத் தெருவை வைத்திருந்தவர், பிரிட்செட் வழியில் போக முயன்ற அதே ஆள்.